வெள்ளச்சியைக் கொடுத்து வாங்கிய ஆமி லொறி

தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட்டு, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு நான் வந்தபோது மாட்டுக் கொட்டில் காலியாக இருந்தது. முளைக்குச்சி இருந்தது, கயிறு இல்லை. தொட்டியில் தவிடு கரைத்த தண்ணீர் பாதி அப்படியே கிடந்தது. எங்கள் பசு வெள்ளச்சியைக் காணவில்லை.

அவிழ்த்துக்கொண்டு றப்பர் மலைக்குள் போயிருக்கும் என்று தேடக் கிளம்பினேன். பக்கத்துக் காம்பராக்காரி கூப்பிட்டாள்.

"அக்கா, மாடு தேடவா போறீங்க? மாட்ட ஓட்டிக்கிட்டுப் போனதே ஒங்க வீட்டுக்காரருதான். கீழ ரோட்டுல என்னமோ இழுத்துக்கிட்டு வாறாங்க, போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். முன்னால் தோட்டத்து ட்ரெக்டர், பின்னால் தள்ளிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆள்கள். நடுவில் பெரியதொரு இரும்புப் பிணம். கண்ணாடி இல்லை, சீட் இல்லை, பின்பக்கம் டயர் இல்லாத வெறும் ரிம் கல்லில் உரசிப் பொறி பறந்தது. எஞ்சின் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு காட்டுமரக் கன்று இடுப்புயரத்துக்கு வளர்ந்து, மழைத்தூறலில் தலையாட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் இடத்தில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு என் புருஷன் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். எதனோடும் பூட்டப்படாத ஸ்டியரிங்கை மிகுந்த கவனத்தோடு இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மாடு எங்க?" என்று கேட்டேன்.

"இது ஆமி லொறி, பாக்கியம். நாலு சக்கரமும் இழுக்கும்."

"மாடு எங்கன்னு கேட்டேன்."

"சோமபாலகிட்ட," என்றார். "நல்ல மனுஷன். மாட்ட நல்லாப் பாத்துக்குவாரு."

இந்தத் தொடரில் நல்லவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சிலர் குறைப்பட்டிருந்தார்கள். அவர்கள் மனம் குளிர, இந்த வாரம் என் புருஷனைப் பற்றி எழுதுகிறேன்.

யுத்தம் விட்டுப்போன சாமான்

இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்கார ஆமி இந்த மாதிரி லொறிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கியதாம். ஜப்பான்காரன் வருவான் என்று காத்திருந்தார்கள். அவன் இரத்தினபுரிப் பக்கம் தலைகாட்டவில்லை. இங்கே பெய்கிற மழையைப் பற்றி யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். யுத்தம் முடிந்ததும் ஆமி வீட்டுக்குப் போனது, லொறிகள் ஏலத்துக்குப் போயின. மர முதலாளிமார் வாங்கிக் கலவானப் பக்கத்துக் காட்டுக்குள் மரம் இழுக்க விட்டார்கள்.

அதில் ஒன்றை ஓட்டியவர்தான் சோமபால. பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர், சிரித்த முகம். லொறி படுத்ததும் முதலாளி கைகழுவிவிட்டார். சோமபால அதன் எஞ்சினைக் கழற்றி, மாணிக்கக்கல் தோண்டும் கிடங்கில் தண்ணீர் இறைக்க வைத்தார். பிறகு அதுவும் படுத்தது. லொறியைக் கிடங்கோரத்தில் மரம் முளைக்க விட்டுவிட்டு, யாராவது பைத்தியக்காரன் வருவானா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தார். எங்கள் தோட்டத்து றப்பர் பெக்டரியில் மெஷின் பார்க்கும் பிட்டராக ஒருவர் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

அன்று இரவு நான் சமைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் பாலில்லாத தேத்தண்ணீரைப் பார்த்து முழித்தன. அவர் கொஞ்ச நேரம் விரல் நகத்து எண்ணெயைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"இந்தா பாரு, இத்தன வருஷமா நான் பாக்குற மெஷினெல்லாம் நின்ன எடத்துலயே சுத்துது. ரோலர் சுத்துது, பெல்ட்டு சுத்துது. ஒண்ணாச்சும் எங்கயாச்சும் போகவேணாமா?"

வெள்ளச்சி தினமும் மலைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தது என்று சொன்னேன்.

கொட்டிலில் புது விருந்தாளி

லொறியின் மூக்கு மாட்டுக் கொட்டிலுக்குள் அடங்கியது. உடம்பு வெளியே நனைந்தது. எனக்கு அது பொருத்தமாகப் பட்டது, வீட்டு நிலைமையும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதலில் மரத்தை வெட்டி எடுத்தார். சோமபால கிடங்கிலிருந்து கொண்டுவந்து போட்ட எஞ்சினுக்குள் ஆறு பிஸ்டனும் துருப்பிடித்து இறுகியிருந்தன. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஒவ்வொன்றின் தலையிலும் ஊற்றி, நாள்தோறும் விரலால் தொட்டுப் பார்த்தார். நான் பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலைத் தேடினால் அது லொறிக்குப் போயிருக்கும். ஒன்றரை மாதம் கழித்து, கித்துள் பனைக் கட்டையை வைத்துத் தட்டியபோது முதல் பிஸ்டன் அரை அங்குலம் இறங்கியது. அவர் ஓடி வந்து எனக்குச் சொன்னார். எங்கள் மூத்தவள் பிறந்தபோது அவர் அப்படி ஓடி வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதை நாட்டில் மனதார நம்பியவர் என் புருஷன் ஒருவர்தான். ஸ்பிரிங்குக்கு வைக்கிற புஷ்ஷைப் பெக்டரியில் கழித்துப்போட்ட றப்பர் ஷீட்டை அடுக்கி வெட்டிச் செய்தார். எஞ்சின் மூடிக்கு நடுவே வைக்கிற அட்டையைப் பழைய சூட்கேசில் வெட்டினார். அது என் சூட்கேஸ் என்பதை வெட்டிய பிறகுதான் கவனித்தாராம்.

முன் அச்சின் ஒரு பக்கத்துத் தண்டுதான் கிடைக்கவில்லை. எம்பிலிப்பிட்டியில் வாய்க்கால் வேலைக்கு வந்து செத்துப்போன இதே மாதிரி லொறி ஒன்று கிடக்கிறது என்று சோமபால துப்புக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் போனார்கள். திரும்பும்போது எண்ணெய் வடிகிற இரும்பை பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றார் கொண்டக்டர். என் புருஷன் தண்டைச் சாரத் துணியில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டார். "அப்பிடின்னா அதுக்கும் ஒரு டிக்கட் எடுங்க" என்றாராம் கொண்டக்டர். எடுத்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பஸ்ஸில் டிக்கட் எடுத்ததே இல்லை, மடியில் வைத்து வயதைக் குறைத்துச் சொல்வார்.

டேஷ்போர்டில் ஆங்கிலம் பொறித்த பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. அதைப் புளிபோட்டுத் துலக்கி, வெள்ளிக்கிழமைகளில் சந்தனப்பொட்டு வைத்தார். நான் கலவானையில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை, பக்தி எங்காவது இருந்தால் சரி.

கடைசியில் பெயின்ட். ஆமிப் பச்சை எங்கும் இல்லை. மாரியம்மன் கோயிலுக்கு அடித்து மிஞ்சிய நீலம் இருந்தது, மஞ்சள் கொஞ்சம் இருந்தது. ஜப்பான்காரனை எதிர்க்க வந்த லொறி தேர்த்திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது.

சோமபால வாரத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போதெல்லாம் ஒரு போத்தல் பால் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கொட்டிலுக்குப் போவார். என் மாட்டின் பாலை எனக்கே அன்பளிப்பாகத் தந்த மனிதரை எப்படி வெறுப்பது என்று நானும் பல வருஷம் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

மாவு வந்த வழி

அது பஞ்ச காலம். அரிசி அரைகுறையாக வந்தது, மாவு வந்தால் திருநாள். லயத்தில் மரவள்ளி இலையை அவித்துத் தின்றார்கள். பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் அழவும் தெம்பில்லாமல் படுத்திருக்கும். அந்த அமைதியை நான் இன்றும் விரும்புவதில்லை.

அந்த நேரம் பார்த்து மழை. ரோட்டின் தாழ்ந்த சப்பாத்துப்பாலத்தில் கணுக்காலளவு ஓடிய ஓடை ஆறாகி, ரோட்டை அறுத்துக்கொண்டு போனது. பங்கீட்டுக் கூப்பன் மாவு அக்கரையில் கடையில் கிடந்தது. தோட்டத்து லொறி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

என் புருஷன் எங்கள் லொறியின் மூக்கில் ஸ்டார்ட் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். ஏழாவது சுற்றில் லொறி இருமியது, எட்டாவதில் லயமே புகையில் மறைந்தது. பிறகு நீலமும் மஞ்சளுமாக அது தானே நகர்ந்து, தானே இறங்கி, ஓடைக்குள் முகத்தை விட்டது. தண்ணீர் மட்காட் வரை வந்தது. முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கிற இரண்டாவது நெம்பை இழுத்தார். முன் சக்கரம் மண்ணைக் கவ்வியது. அக்கரை ஏறியபோது லயத்து ஆள்கள் யாரும் கத்தவில்லை. எல்லோரும் மூட்டையை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாள் மாவு ஏற்றினார். அப்போது தோட்டத்து மனேஜராயிருந்த தொரை, 'லயத்தில் அனுமதியின்றி நிறுத்தப்பட்டுள்ள வாகனத்தை அகற்றவும்' என்று அதற்கு முந்திய மாதந்தான் கடிதம் கொடுத்திருந்தார். இப்போது தன் பங்களாவுக்கும் ஒரு மூட்டை வரட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பட்டியல்

அதற்குப் பிறகுதான் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. இனி எல்லாம் மக்களுடையது என்றார்கள். மக்கள் என்பதில் நாங்கள் சேர்த்தியா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் தொந்தரவு செய்யவில்லை.

வெள்ளைச் சட்டையில் இரண்டு அதிகாரிகள் வந்து சொத்துக்களை எழுதினார்கள். ரோலர், கதிரை, மேசை, ஏணி. கூடவே பெரிய கிளாக்கர் தம்பிராசா நடந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், குடையை மடிக்காமல் பிடிப்பவர். கொட்டிலுக்கு வந்ததும் அதிகாரி சிங்களத்தில் கேட்டார், இது யாருடையது?

"என்னோடதுங்க," என்றார் என் புருஷன், சிங்களத்திலேயே.

பதிவுப் புத்தகம் எங்கே? அதை ஏலத்தில் எடுத்த முதலாளியே பார்த்திருக்கமாட்டார். சரி, உன் பிரஜாவுரிமைப் பத்திரம்? எழுதிப் போட்டுப் பல வருஷமாகியும் பதில் வராதவர்கள் நாங்கள். நாடில்லாத ஆளுக்கு எப்படி லொறி இருக்கும் என்று அதிகாரி நியாயமாகவே கேட்டார். தோட்டத்து பிட்டர், தோட்டத்து றப்பர், தோட்டத்துக் கொட்டில். எழுதிக்கொண்டார்: லொறி, பழையது, ஒன்று.

தம்பிராசா கிளாக்கருக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தார், குடையைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

லொறி தோட்டத்துக் கராஜுக்குப் போனது. உரம் ஏற்ற, றப்பர்ப் பால் வாளி ஏற்ற அதை ஓட்டும் வேலையை என் புருஷனுக்கே கொடுத்தார்கள், பிட்டர் வேலைக்கு மேலதிகமாக. எனக்கு ஆத்திரம். அவருக்கோ சந்தோஷம்.

"டயரு அவங்க போடுறாங்க, பெட்ரோலு அவங்க ஊத்துறாங்க. ஓட்டுறது நான். இப்ப யாரு மொதலாளி, சொல்லு?"

"அவங்கதான்," என்றேன்.

"காயிதத்துலதானே," என்றார்.

மூன்று நடை

சில வருஷம் கழித்து ஓர் ஆவணி மாதம். நாட்டில் எங்கோ யாரோ யாரையோ அடித்ததற்கு, றப்பர்ப் பால் வெட்டிப் பிழைக்கிற தமிழர்களான நாங்கள் பதில் சொல்லவேண்டும் என்று சிலர் முடிவு செய்திருந்தார்கள். எங்களுக்கு எதற்கும் கடிதம் வருவதில்லை, இதற்கும் வரவில்லை.

காலை பத்து மணி இருக்கும். சோமபால சைக்கிளைப் போட்டுவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்குள் செருப்போடு வந்தார்.

"அக்கே, புள்ளைங்கள தூக்குங்க. அடுத்த தோட்டம் பத்த வச்சிட்டாங்க. ரோட்டுப் பக்கம் போகவேணாம், அங்கதான் நிக்கிறாங்க."

புதுத் தொரை கொழும்பில் இருந்தார். லொறியின் திறப்புச் சாவி தம்பிராசா கிளாக்கரின் மேசை லாச்சிக்குள் இருந்தது.

"தொரையின்ரை உத்தரவு இல்லாமல் நான் எப்பிடித் திறப்புத் தாறது, கோவிந்தன்? பிறகு எனக்கெல்லோ பிரச்சினை," என்றார்.

"வச்சிக்குங்கய்யா," என்றார் என் புருஷன். "அந்த சுவிச்ச மாட்டினதே நான்தான்." டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு கம்பியைப் பிடுங்கி முறுக்கினார்.

மலைக்கு அந்தப் பக்கம் பன்சல என்கிற புத்த கோயில் ஒன்று இருந்தது. அங்கிருந்த வயதான பிக்கு வரச் சொல்லியிருப்பதாகச் சோமபால சொன்னார். அங்கே போக பழைய மரப்பாதை ஒன்றுதான். காட்டோரமாக ஏறி, ஓடையைக் கடந்து, மறுபடி ஏறவேண்டும். இதே லொறியில் சோமபால முன்பு மரம் இழுத்த பாதை. அவர் மட்காட்டில் உட்கார்ந்துகொண்டார். வழியில் யாராவது வந்தால் முதலில் தன் முகம் தெரியட்டும் என்றார்.

முதல் நடையில் கைக்குழந்தைகளும் தாய்மாரும் போனோம். எங்களை இறக்கிவிட்டு என் புருஷன் திரும்பினார். இரண்டாவதில் கிழடுகளும் நோயாளிகளும். மூன்றாவதற்கு அவர் கிளம்பியபோது நானும் ஏறிக்கொண்டேன். பிள்ளைகளைப் பன்சலயில் விட்டுவிட்டு ஏன் போனேன் என்று இன்றும் தெரியாது. அவர் தனியாகப் போனால் வேறு யாருக்காவது எதையாவது கொடுத்து இன்னொரு லொறி வாங்கிவிடுவார் என்று நினைத்தேனோ என்னவோ.

மூன்றாவது நடையில் மிச்ச ஆள்களோடு தம்பிராசா கிளாக்கரும் ஏறினார். குடை இல்லை. ஆபீஸ் பைல் பெட்டியை மட்டும் கட்டிப்பிடித்திருந்தார். ஓடையைக் கடக்கும்போது பின்னால் புகை எழுந்தது. முதலில் கறுப்பாக, பிறகு வெள்ளையாக. எங்கள் லயத்துக் கூரைத் தகரம் வெடிக்கிற சத்தம் கேட்டது.

ஏற்றத்தில் அடியிலிருந்து படாரென்று ஒரு சத்தம். பின் அச்சு முறிந்துவிட்டது. லொறி பின்னால் சறுக்கியது. நாங்கள் குதித்து இறங்கித் தள்ளினோம். கிளாக்கர் பெட்டியைச் சேற்றில் போட்டுவிட்டு என் பக்கத்தில் தோள் கொடுத்தார். லொறி நின்றது, யோசித்தது, பிறகு முன் சக்கரங்களால் மட்டும் மலையைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக ஏறியது.

அந்த நேரத்திலும் என் புருஷன் ஜன்னலால் தலையை நீட்டி என்னைத் தேடினார்.

"பாத்தியா பாக்கியம், முன் சக்கரம் இழுக்குது."

பார்த்தேன் என்று சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேற்றை முகத்தில் பூசிக்கொண்டேன்.

கையெழுத்து

பன்சலயில் பத்து நாள் இருந்தோம். திரும்பி வந்தால் வீடிருந்த இடத்தில் கரியும், வாய் கோணிய ஒரு பானையும் கிடந்தன.

தொரை கொழும்பிலிருந்து வந்துவிட்டார். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் எரிந்துகொண்டிருந்தபோது அவர் அங்கே மிகவும் கவலைப்பட்டாராம். இப்போது அவருக்கு வேறொரு கவலை. தோட்டத்து வாகனம் அனுமதியில்லாமல் வெளியே போயிருக்கிறது, அச்சு உடைந்து பன்சல முற்றத்தில் நிற்கிறது. மேலிடத்துக்கு அறிக்கை எழுதவேண்டும்.

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். தம்பிராசா கிளாக்கர் தமிழில் எழுதிய ஒரு கடிதத்தை, எங்களைப் பார்க்காமல் வாசித்தார்.

"தோட்டத்துக்குச் சொந்தமான லொறியை அனுமதியின்றி எடுத்துச் சேதப்படுத்தியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோருகிறேன்."

"சைன் பண்ணிட்டு நாளைக்கு வேலைக்கு வா," என்றார் தொரை. "நான் கேஸ் போடவில்லை. இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

என் புருஷன் பேனாவைத் தொடவில்லை. காகிதத்தில் என்ன இருந்தால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தவர், அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தோட்டத்து லொறி இல்லிங்க தொர."

"லிஸ்டில் இருக்கு."

"லிஸ்டு நீங்க எழுதினது. லொறி நான் செஞ்சது."

தொரை என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொம்பளை. புருஷனுக்குச் சொல்லு."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. இரண்டு பிள்ளைகள், ஒரு கோணல் பானை, கூரையில்லாத காம்பரா. புத்தியுள்ள எவளும் கையெழுத்துப் போடுங்க என்றுதான் சொல்வாள். அந்த லொறியைப் பற்றி நான் ஒருநாளும் நல்லது சொன்னதில்லை.

பேனாவை எடுத்தேன். 'தோட்டத்துக்கு' என்பதை அடித்து மேலே 'எனக்கு' என்று எழுதினேன். 'அனுமதியின்றி' என்பதையும் அடித்தேன். காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"சேதப்படுத்தினது உண்மதான்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

என்ன எழுதியிருக்கிறது என்று, தமிழ் வாசிக்கத் தெரியாத தொரை கேட்டார். தம்பிராசா கிளாக்கர் எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எனக்குச் சொந்தமான லொறியை எடுத்து. பிறகு, கேட்காமலே, இன்னும் சொன்னார்: "நானும் அதிலைதான் போனனான், சேர். என்ரை பெயரையும் எழுதுங்கோ."

கிளாக்கர் பெயரை எழுதவில்லை. எங்களை மட்டும் அந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லொறியைத் தோட்டம் எடுத்துவரவில்லை. ஓட்டத் தெரிந்த ஆளைத்தான் நிறுத்திவிட்டார்களே.

தோட்டத்தை விட்ட எல்லோரும் தமிழர் இருக்கிற வவுனியாப் பக்கம் போனார்கள். நாங்கள் எம்பிலிப்பிட்டிக்குப் போனோம். சோமபாலவின் மைத்துனருக்கு அங்கே நெல் ஆலை இருந்தது, எஞ்சின் பார்க்க ஆள் தேவைப்பட்டது. சிங்கள ஊருக்குள் தமிழன் போய் ஒளிவதை எந்தக் காடையன் எதிர்பார்ப்பான் என்பது என் புருஷனின் கணக்கு. அந்தக் கணக்கு மட்டும் தப்பவில்லை. பிள்ளைகளை அங்கேதான் வளர்த்தோம்.

போன அன்று இரத்தினபுரியில் பஸ் ஏறினோம். ஒரு பெட்டி, ஒரு மூட்டை, மடியில் சின்னவள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். ஊர் தாண்டி முதல் ஏற்றத்தில் பஸ் முனகியபோது கண்ணைத் திறந்தார்.

"கியர்பொட்டி போகப்போகுது," என்றார். "ஆனா எஞ்சின் நல்ல எஞ்சின்."

"வாங்கிறாதீங்க," என்றேன்.